பிளஸ் டூ கணிதம்: எதை வைத்துப் பயிற்சி எடுப்பது?

நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளிகளில் திருப்புதல் தேர்வு தொடங்கிவிட்ட நேரம் இது. பிளஸ் டூவில் கணிதம் எடுத்த பிள்ளை வீட்டில் இருந்தால் அவர்கள் மேஜையைக் கொஞ்சம் பாருங்கள். பாடநூல் இரண்டு தொகுதி, அதன்மேல் ஒரு கைடு, அதன்மேல் டியூஷன் நோட்ஸ், பக்கத்தில் ஜெராக்ஸ் கட்டு. போதாததற்கு வாட்ஸ்அப்பில் நாள் தவறாமல் ஒரு பிடிஎஃப் வந்து விழுகிறது. ஒன்றின் பெயர் 'சென்டம் மெட்டீரியல்', இன்னொன்று 'கடைசி நேர முக்கிய வினாக்கள்'. பயிற்சி செய்ய எதுவும் கிடைக்கவில்லை என்று யாரும் இப்போது சொல்வதில்லை. "இதுல எதை சார் போடுறது?" என்றுதான் கேட்கிறார்கள்.

என்னைக் கேட்டால் மூன்று போதும். பாடநூல், பழைய வினாத்தாள், நீங்களே எழுதித் திருத்தி வாங்கிய விடைத்தாள். மூன்றாவதைச் சொல்லும்போது பிள்ளைகள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அதற்கு அப்புறம் வருகிறேன்.

பெற்றோர்களும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்பதால் முதலில் தேர்வைப் பற்றி நாலு வரி. எழுத்துத் தேர்வுக்கு 90 மதிப்பெண், அக மதிப்பீட்டுக்கு 10. ஒரு மதிப்பெண் வினா 20, அத்தனையும் எழுத வேண்டும். இரண்டு மதிப்பெண்ணில் 10 கேட்டு 7 எழுதச் சொல்வார்கள். மூன்று மதிப்பெண்ணிலும் அதே கணக்கு. ஐந்து மதிப்பெண்ணில் 7 வினா, ஒவ்வொன்றிலும் 'அல்லது' உண்டு. 30-ஆவது வினாவும் 40-ஆவது வினாவும் கட்டாய வினாக்கள், சாய்ஸில் விட முடியாது. எழுதுவதற்கு மூன்று மணி நேரம். 180 நிமிடத்தில் 90 மதிப்பெண், அதாவது ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடம்.

தமிழ்நாட்டில் பொறியியல் நுழைவுத்தேர்வு 2007-இல் நின்றுபோனது. இன்றைக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து, சேர்க்கைக்காக 200-க்குப் போடும் கட்-ஆஃபில் 100 கணிதத்துக்கே. இயற்பியலில் ஒரு மதிப்பெண் போனால் கட்-ஆஃபில் அரை குறையும். கணிதத்தில் போனால் முழுசாக ஒன்று போய்விடும். பிள்ளைகள் இந்தப் பாடத்தைப் பார்த்துப் பதறுவதில் நியாயம் இருக்கிறது.

சரி, பாடநூலுக்கு வருவோம். இரண்டு தொகுதி, 12 பாடம். அணிகளில் தொடங்கி தனிநிலைக் கணிதத்தில் முடிகிறது. கையில் புத்தகம் இல்லாவிட்டாலும் பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தரவிறக்கிக்கொள்ளலாம், தமிழிலும் உண்டு, ஆங்கிலத்திலும் உண்டு. பயிற்சிக் கணக்குகளை எல்லோரும் போடுகிறார்கள். எடுத்துக்காட்டுக் கணக்குகளைத்தான் கதை படிப்பதுபோல் படித்துவிட்டுப் போகிறார்கள். தேர்வில் அவையும் வரும். கேள்வியை மட்டும் பார்த்துவிட்டு, தீர்வின்மேல் ஒரு தாளை வைத்து மறைத்து, நீங்களே போட்டுப் பாருங்கள். எங்கே நின்றுபோகிறதோ அந்த ஒரு வரியை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி மூடிவிடுங்கள்.

அப்புறம் 'புக் பேக்' என்று நாம் சொல்லும் ஒரு மதிப்பெண் வினாக்கள். இவற்றை 'ஒன்றாம் கேள்விக்கு ஆப்ஷன் ஒன்று, இரண்டாம் கேள்விக்கு ஆப்ஷன் இரண்டு' என்று மனப்பாடம் செய்கிற பிள்ளைகள் நிறையப் பேர். கலப்பு எண்கள் பாடத்தின் புக் பேக்கை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்திலேயே ஒரு வினா: ஐ-இன், அதாவது மைனஸ் ஒன்றின் வர்க்கமூலத்தின், நான்கு அடுத்தடுத்த அடுக்குகளைக் கூட்டினால் என்ன வரும்? பூஜ்ஜியம். விடையைக் குறித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஏன் பூஜ்ஜியம் என்று ஒரு நிமிடம் நின்று பாருங்கள். ஐ, மைனஸ் ஒன்று, மைனஸ் ஐ, ஒன்று. இந்த நான்கும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன, கூட்டினால் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. இது பிடிபட்டுவிட்டால் நீங்களே கேள்வி தயாரிக்கலாம். ஐ-இன் முதல் அடுக்கிலிருந்து 50-ஆவது அடுக்கு வரை கூட்டினால்? 48 உறுப்புகள் நான்கு நான்காகப் போய்விடும். மிச்சம் இரண்டு: ஐ, மைனஸ் ஒன்று. விடை, ஐ மைனஸ் ஒன்று. இதைக் கண்டுபிடிக்கத் தாளும் பேனாவும்கூட வேண்டியதில்லை. 'கிரியேட்டிவ் கொஸ்டின்' என்று பயப்படுகிறார்களே, அவற்றில் பாதி இப்படிப் பிறந்தவைதான்.

இன்னொரு கணக்கு. இதற்குத் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பகுமுறை வடிவியலில் வரும் ராக்கெட் வெடிக் கணக்கு, உங்கள் அப்பா காலத்துப் பாடநூலிலும் இருந்தது. கொளுத்திய ராக்கெட் பரவளையப் பாதையில் போகிறது. கிளம்பிய இடத்திலிருந்து 6 மீட்டர் தள்ளி, அதிகபட்ச உயரமான 4 மீட்டரைத் தொடுகிறது. 12 மீட்டர் தள்ளித் தரையில் விழுகிறது. எறிகோணம், அதாவது கிளம்பும்போது பாதை தரையோடு ஏற்படுத்தும் கோணம், என்ன?

வழக்கமாக, உச்சிப் புள்ளியை ஆதியாக வைப்போம். கீழ்நோக்கித் திறந்த பரவளையம். எக்ஸ் வர்க்கம் சமம் மைனஸ் 4ஏ ஒய். 6, மைனஸ் 4 என்ற புள்ளி அதன்மேல் இருக்கிறது. போட்டால் 4ஏ-இன் மதிப்பு 9 வரும். வகைக்கெழு எடுத்து, கிளம்பிய புள்ளியான மைனஸ் 6, மைனஸ் 4-இல் சாய்வு பார்த்தால் 12 பை 9, அதாவது 4 பை 3. விடை, டேன் இன்வர்ஸ் 4 பை 3. கைடில் இவ்வளவுதான் இருக்கும்.

இப்போது அதே கணக்கில் ஆதியை ராக்கெட் கிளம்பிய இடத்துக்கு மாற்றுங்கள். தரையைத் தொடும் இடங்கள் 0, 12. எனவே ஒய் என்பது எக்ஸ் பெருக்கல் 12 மைனஸ் எக்ஸ், அதை ஏதோ ஓர் எண்ணால் வகுத்தது. எக்ஸ் 6 ஆகும்போது மேலே 36 வருகிறது, உயரம் 4 வர வேண்டும், ஆக அந்த எண் 9. பூஜ்ஜியத்தில் சாய்வு 12 பை 9. அதே 4 பை 3. இரண்டு வழியில் ஒரே விடை வந்தால் விடையைச் சரிபார்க்க யாரிடமும் போக வேண்டியதில்லை. அதோடு விடாமல், 3 மீட்டர் தள்ளிப் போகும்போது ராக்கெட் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று கேளுங்கள். 3 பெருக்கல் 9, வகுத்தல் 9, 3 மீட்டர். உச்சிக்குப் போகும் கிடைத்தூரத்தில் பாதி போவதற்குள் உச்சி உயரத்தில் முக்கால் பங்கு ஏறிவிட்டது. ஒரே கணக்கை வைத்துக்கொண்டு மூன்று கணக்கு போட்டாயிற்று. இப்படி உட்கார்ந்து ஒரு மாலையில் ஐந்து கணக்கு போடுகிறவரை, ஐம்பது தீர்வுகளைப் புரட்டிப் பார்த்தவரைவிட நான் நம்புவேன்.

அடுத்து பழைய வினாத்தாள். இங்கே ஓர் எச்சரிக்கை. இப்போதைய பிளஸ் டூ பாடநூல் 2019-20 கல்வியாண்டில் வந்தது. அதற்கு முந்தைய தாள்கள் பழைய பாடநூலுக்கு உரியவை. அவற்றில் குலங்கள் என்ற பகுதி இருக்கும், உங்களுக்கு அது கிடையாது. உங்களுக்கு இருக்கும் சமன்பாட்டியலும் நேர்மாறு முக்கோணவியல் சார்புகளும் அவற்றில் இருக்காது. 200 மதிப்பெண் காலத்துத் தாள் என்றால் அமைப்பே வேறு: ஒரு மதிப்பெண், ஆறு மதிப்பெண், பத்து மதிப்பெண். ஆகவே 2020 மார்ச் தாளிலிருந்து தொடங்குங்கள். 2021-இல் கொரோனாவால் பொதுத்தேர்வே நடக்கவில்லை. 2022 மே மாதம் நடந்தது குறைக்கப்பட்ட பாடத்திட்டத்தில், அதனால் அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு 'இந்தப் பாடத்திலிருந்து கேட்கவே மாட்டார்கள்' என்று முடிவு கட்டாதீர்கள். மார்ச் தாள்களோடு துணைத்தேர்வுத் தாள்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பலரும் அவற்றைத் தொடுவதில்லை. பெற்றோர் ஆசிரியர் கழகம் வெளியிடும் மாதிரி வினாத்தாள் தொகுப்பும் நல்லதே.

ப்ளூ பிரிண்ட் என்று ஒன்று முன்பு இருந்தது. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை வினா என்று அது சொல்லிவிடும், வேண்டாத பாடத்தை அப்படியே ஒதுக்கிவிடலாம். இப்போதைய முறையில் அது இல்லை. இருந்தும் யூடியூபில் ஆளுக்கொரு ப்ளூ பிரிண்ட் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பார்த்துவிட்டுச் சிரித்துக்கொள்ளலாம்.

இப்போது மூன்றாவது, திருத்திய விடைத்தாள். காலாண்டு, அரையாண்டு, திருப்புதல் தேர்வுத் தாள்கள் உங்கள் கைக்குத்தான் வருகின்றன. மொத்தத்தைக் கூட்டிப் பார்த்து, கூட்டலில் ஒரு மதிப்பெண் விட்டுப்போயிருந்தால் ஆசிரியரிடம் ஓடிவந்து வாங்கிக்கொண்டு, தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிடுகிறீர்கள். அதை வெளியே எடுங்கள். மதிப்பெண் போன ஒவ்வொரு இடத்துக்கும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள், ஏன் போனது என்று.

வழியே தெரியாமல் விட்ட கணக்கு ஒரு ரகம். அதற்குப் பாடநூலுக்குத்தான் திரும்ப வேண்டும். வழி தெரிந்தும் போன மதிப்பெண் இன்னொரு ரகம், வயிற்றெரிச்சல் ரகம். வெக்டர் குறுக்குப் பெருக்கலில் நடு உறுப்புக்கு, அந்த ஜே-க்கு, மைனஸ் போட மறப்பது. வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்த்துவிட்டு மாறிலி சி-யை விட்டுவிடுவது. எக்ஸ் அச்சுக்குக் கீழே போகும் வளைவரையின் பரப்பை மைனஸில் எழுதிவிட்டு அப்படியே நிம்மதியாக அடுத்த கணக்குக்குப் போய்விடுவது! இவை ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். உங்கள் தவறு என்ன என்று எந்த மெட்டீரியலிலும் அச்சடித்து வராது, உங்கள் விடைத்தாளில் மட்டும்தான் இருக்கிறது. நாலைந்து தாள்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே தவறு திரும்பத் திரும்ப வருவது தெரிந்துவிடும்.

படிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருத்துகிறவர் கையில் இருக்கும் விடைக்குறிப்பில் ஐந்து மதிப்பெண்ணும் படிப்படியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். கடைசி விடை தவறினாலும் முந்தைய படிகளுக்கு உண்டு. ராக்கெட் கணக்கில் விடை வரவில்லை என்பதற்காகப் படத்தையும் சமன்பாட்டையும் சேர்த்து அடித்துவிடாதீர்கள். ஒரு மதிப்பெண் வினாவில் குறியீட்டோடு விடையையும் சேர்த்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் பயிற்சி செய்யும்போதும் அப்படியே எழுதிப் பழகுங்கள்.

கணிதம் என்றாலே ஒதுங்கும் பிள்ளைகளுக்கு வேறு வழி. பள்ளிகளில் மெல்லக் கற்போருக்கென்று சிறு கையேடு தருவார்கள். அதையும் புக் பேக் ஒரு மதிப்பெண்களையும் முதலில் முடியுங்கள். மற்றவர்கள் பேசும் சென்டம் கதை இப்போது உங்களுக்கு வேண்டாம்.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு வேலை. பொதுத்தேர்வு காலை 10 மணிக்குத் தொடங்கும். 10 நிமிடம் வினாத்தாள் வாசிக்க, 5 நிமிடம் விவரங்களை நிரப்ப, பிறகு 1.15 வரை எழுத்து. வாரத்தில் ஒரு நாள், சனியோ ஞாயிறோ, ஒரு முழு வினாத்தாளை இதே நேரத்தில் வீட்டில் எழுதச் சொல்லுங்கள். கைடும் கைப்பேசியும் வேறு அறையில் இருக்கட்டும். அந்த மூன்றேகால் மணி நேரமும் டிவியை அணைத்து வையுங்கள், சமையலறையிலிருந்து "எவ்வளவு முடிச்சே?" என்று குரல் கொடுக்காதீர்கள்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்துக்கு நன்றி. வணக்கம்.