கரும்புக்கு விடைகொடுத்த மருத்துவர்

அன்புள்ள நேயர்களுக்கு வணக்கம்.

கரீபியக் கடலிலுள்ள செயின்ட் கிட்ஸ், நெவிஸ் என்னும் இரு தீவுகள் ஒரே நாடாகச் சேர்ந்து, 1983 செப்டம்பர் 19 அன்று பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றன. சுமார் 50,000 பேரே வாழும் அந்நாட்டை 1995 முதல் 2015 வரை பிரதமராக ஆண்டவர் மருத்துவர் டென்சில் டக்ளஸ். அவர் பதவியில் இருந்த ஆண்டுகளின் எண்ணிக்கையைவிட, அந்தப் பதவியில் இருந்தபடி எடுத்த ஒரு முடிவே அவரை நினைவுகூரத் தக்கவராக்குகிறது என்பது என் கருத்து.

அவர் 1953இல் செயின்ட் பால்ஸ் என்னும் கிராமத்தில் பிறந்தார். கரும்புத் தொழிலாளரின் தலைவராக எழுந்து தொழிற்கட்சியை வழிநடத்திய ராபர்ட் பிராட்ஷா பிறந்த ஊரும் அதுவே. மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தில் பயின்று 1984இல் மருத்துவப் பட்டம் பெற்ற டக்ளஸ், டிரினிடாடில் பயிற்சியை முடித்து, தாயகம் திரும்பிக் குடும்ப மருத்துவராகப் பணியாற்றினார். 1989இல் நாடாளுமன்ற உறுப்பினராகித் தொழிற்கட்சியின் தலைமையையும் ஏற்றார். 1993 தேர்தலில் அவரது கட்சியும் ஆளுங்கட்சியும் தலா நான்கு இடங்களைப் பெற்றபோது, ஆளுங்கட்சியே மீண்டும் ஆட்சியமைத்ததால் கலவரம் மூண்டு, நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. 1995 ஜூலைத் தேர்தலில் தொழிற்கட்சி ஏழு இடங்களை வென்றது.

1998இல் நெவிஸ் தீவு பிரிந்துபோக வாக்கெடுப்பு நடத்தியது. ஏறத்தாழ 62 விழுக்காட்டினர் பிரிவினையை ஆதரித்தும், பிரிவதற்குத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு எட்டப்படாததால் நாடு பிளவுபடவில்லை.

நான் குறிப்பிட்ட முடிவு 2005இல் எடுக்கப்பட்டது. 300 ஆண்டுகளுக்கும் மேலாக செயின்ட் கிட்ஸ் தீவின் வாழ்வாகவே இருந்த சர்க்கரைத் தொழில், உற்பத்திச் செலவுக்கும் கட்டாத விலையால் ஆண்டுதோறும் கடனைப் பெருக்கிக்கொண்டிருந்தது. ஐரோப்பா அளித்துவந்த சலுகை விலையும் குறையவிருந்தது. கரும்பு வெட்டியவர்களின் சங்கத்திலிருந்து பிறந்த ஒரு கட்சியின் தலைவரே சர்க்கரை ஆலையை மூடி, ஏறத்தாழ 1,500 தொழிலாளரின் வேலைக்கு முடிவுகட்ட வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், அம்முடிவுக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்தது என்பது விளங்கும். அதன்பின் சுற்றுலாவும், முதலீட்டுக்குக் குடியுரிமை வழங்கும் திட்டமும் நாட்டைத் தாங்கின. ஆனால் அத்திட்டத்தின் கண்காணிப்பு தளர்ந்திருந்தது. அதனால் 2014இல் கனடா அந்நாட்டுக் குடிமக்களுக்கு விசாவைக் கட்டாயமாக்கியது.

கரீபிய நாடுகளின் தலைவர்களிடையே சுகாதாரப் பொறுப்பை அவர் ஏற்றிருந்தது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஆப்பிரிக்காவின் சகாரா தென்பகுதிக்கு அடுத்தபடியாக எச்.ஐ.வி. பரவல் மிகுந்திருந்த வட்டாரத்தில், நோயைப் பற்றிப் பேசவே தயங்கிய காலத்தில், ஒரு மருத்துவர் பிரதமராக இருந்து அதைப் பேசியது பெரும் பலமாயிற்று.

குறையையும் சொல்ல வேண்டும். 2012 டிசம்பரில் எதிர்க்கட்சியினர் கொடுத்த நம்பிக்கையில்லாத் தீர்மானம், அடுத்த தேர்தல்வரை வாக்கெடுப்புக்கு வரவேயில்லை. அது மக்களாட்சிக்கு நேர்ந்த இழுக்கு என்றே நினைக்கிறேன். 2015இல் அவர் தோற்றார். 2022இல் தொழிற்கட்சி மீண்டும் வென்றபோது பிரதமரான டெரன்ஸ் ட்ரூவும் ஒரு மருத்துவர். அவரது அமைச்சரவையில் டக்ளஸ் வெளியுறவு அமைச்சரானார்.