பாலை நிறுத்தியும் மாமாவுக்கு மறுபடி கல் வந்தது ஏன்?

(காட்சி: சேலம் அம்மாபேட்டை. விசைத்தறிக் கூடம். தறிச் சத்தம் மெல்லக் குறைகிறது.)

வணக்கம். அம்மாபேட்டையில் தறி ஓட்டுகிற என் தாய்மாமாவுக்கு முதல் தடவை கல்லடைப்பு வந்தது ஒரு விடிகாலை 3 மணிக்கு. விலாவில் தொடங்கிய வலி அடிவயிற்றுக்கு இறங்கியது. உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. கல் சின்னதுதான், 4 மில்லிமீட்டர். சில நாளில் தானாகவே வெளியேறிவிட்டது. அன்றோடு பால், தயிர், தக்காளி மூன்றையும் நிறுத்தினார். இரண்டு வருஷத்தில் அடுத்த கல்.

“ஏங்கண்ணு, பாலைத் தொடறதே இல்லையே, அப்புறம் எப்படிக் கல்லு வந்துச்சு?” என்று கேட்டார். அதற்கான பதில்தான் இந்த வீடியோ.

(காட்சி: வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளைப் படிவு.)

அவருடைய முதல் சந்தேகம் போர் தண்ணீர் மேல். அண்டாவில் படிந்த வெள்ளையைச் சுரண்டிக் காட்டினார். வெள்ளைக்கல் வெட்டியெடுக்கிற ஊரில் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் அண்டாவில் படிவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட். இரண்டும் வேறு பொருள். போர் தண்ணீரால்தான் கல் வருகிறது என்று ஆய்வுகளில் உறுதியாகவில்லை. எந்தத் தண்ணீர் என்பதைவிட எவ்வளவு தண்ணீர் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

(வரைபடம்: குடல், ரத்தம், சிறுநீரகம்.)

சரி, பால் விஷயத்துக்கு வருவோம். கல்லில் கால்சியம் இருக்கிறது, பாலிலும் இருக்கிறது, அதனால் பாலை விட்டால் போதும் என்று நினைக்கிறோம். குடலுக்குள் நடப்பது வேறு. கீரையிலும் வேர்க்கடலையிலும் ஆக்சலேட் இருக்கிறது. அதே வேளைச் சாப்பாட்டில் பாலோ தயிரோ இருந்தால், அதிலுள்ள கால்சியம் இந்த ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து மலத்தோடு போய்விடும். கால்சியம் இல்லாவிட்டால் ஆக்சலேட்டைப் பிடிக்க ஆள் இல்லை. அது ரத்தத்தில் ஏறி சிறுநீரகத்துக்குப் போகிறது, அங்கே சிறுநீரில் இருக்கும் கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகிறது. மாமாவின் உடம்பில் நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இத்தாலியில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். 2002-ல் முடிவு வெளியானது. திரும்பத் திரும்பக் கல் வந்த 120 ஆண்கள். 60 பேருக்குக் கால்சியம் குறைந்த உணவு. மற்ற 60 பேருக்குக் கால்சியத்தை வழக்கம்போல விட்டு, உப்பையும் இறைச்சியையும் குறைத்தார்கள். 5 வருஷத்தில் முதல் குழுவில் 23 பேருக்கு மறுபடி கல் வந்தது, இரண்டாவது குழுவில் 12 பேருக்குத்தான்.

கீரையும் தயிரும் சேரக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். கல் வரும் உடம்புக்கு அவை சேர்வதுதான் நல்லது. பாலக், தண்டுக்கீரை போன்றவற்றில் ஆக்சலேட் அதிகம். வேகவைத்த தண்ணீரை வடித்துவிட்டால் ஓரளவு குறையும். தக்காளியை மட்டும் தேவையில்லாமல் பழிக்கிறோம். பாலக்கோடு ஒப்பிட்டால் அதில் இருக்கும் ஆக்சலேட் மிகக் குறைவு.

(காட்சி: ஊறுகாய், அப்பளம், கருவாடு, தட்டுவடை செட்.)

மாமா கவனிக்காமல் விட்டது உப்பு. சிறுநீரகம் சோடியத்தை வெளியேற்றும்போது கால்சியமும் கூடவே இறங்குகிறது. உப்பு ஏற ஏறச் சிறுநீரில் கால்சியம் ஏறும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன் அளவுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம் மூன்றும் ஒரே இலையில் இருந்தால் அதற்குள் நிற்பது கடினம். சாயங்காலத் தட்டுவடை செட்டை விடச் சொல்ல எனக்கு மனசில்லை. தினமும் வேண்டாம், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டன், ஈரல், குடல் பற்றியும் ஒரு வார்த்தை. அளவு மிஞ்சினால் சிறுநீரில் அமிலம் கூடும், யூரிக் அமிலமும் கூடும். கல் உருவாகாமல் தடுக்கிற சிட்ரேட் குறையும்.

(காட்சி: தறி அருகே தண்ணீர் பாட்டில்.)

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் தண்ணீர்க் குறைவு. தறிக்கூடத்தின் வெக்கையில் உடம்புத் தண்ணீர் வியர்வையாகப் போய்விடுகிறது. தறியை விட்டுவிட்டுப் போக முடியாது என்று குடிப்பதையும் குறைக்கிறார்கள். வெளியூர்ப் பயணத்தில் நல்ல கழிப்பறை கிடைக்காது என்று பயந்து பெண்கள் நாள் முழுக்கத் தாகத்தை அடக்குகிறார்கள். இதை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. கல் வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போக வேண்டும் என்பது மருத்துவர்கள் வைக்கும் கணக்கு. குடிப்பது இரண்டரை லிட்டர் இல்லை, போவது. வெயில் காலத்தில் அதற்கு எத்தனை சொம்பு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஏற்காட்டில் இருப்பவர்களுக்குக் குளிரில் தாகமே தெரியாது. அவர்களும் சிறுநீரின் நிறத்தைப் பார்த்துக்கொள்ளலாம். வெளிர் மஞ்சளாக இருந்தால் நல்லது.

எலுமிச்சையிலும் ஆரஞ்சிலும் சிட்ரேட் இருக்கிறது. எலுமிச்சை ஜூஸ் என்றால் சர்க்கரையும் உப்பும் இல்லாமல். வாழைத்தண்டு நல்ல காய், தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் அது உள்ளே இருக்கும் கல்லைக் கரைத்துவிடும் என்று காத்திருக்க வேண்டாம். சிறுநீரகம் பழுதானவர்கள், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தண்ணீரையோ ஜூஸையோ இளநீரையோ கூட்டக் கூடாது. வலியோடு காய்ச்சல் வந்தாலும், சிறுநீர் நின்றுபோனாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

(காட்சி: சின்ன டப்பாவில் ஒரு கல்.)

இது மாமாவின் இரண்டாவது கல். மெல்லிய துணியில் வடிகட்டி எடுத்தோம், ஆய்வகத்துக்குக் கொடுத்தோம். கால்சியம் ஆக்சலேட் என்றே வந்தது. உங்களுக்குக் கல் விழுந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், என்ன வகை என்று தெரிந்தால்தான் எதைக் குறைப்பது என்று மருத்துவர் சொல்ல முடியும். மாமா இப்போது மதியச் சாப்பாட்டில் தயிர் ஊற்றிக்கொள்கிறார். ஊறுகாய் ஜாடியை அத்தை மேல் அலமாரிக்கு ஏற்றிவிட்டார்.