149 ரேண்ட் ஈப்பொறியும் ஒரு ஈயின் இறக்கையும்

வணக்கம் மக்களே. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர வெயிலைப் பற்றி இனிப் புலம்ப மாட்டேன் என்று போன வீடியோவில் சொன்னேன். சரி, இன்றைக்குப் பழ ஈயைப் பற்றிப் புலம்பிக்கொள்கிறேன்.

இங்கே ‘பங்களாதேஷ் மார்க்கெட்’ என்ற சந்தையில் மலிவு என்று அம்மா ஒரு பெட்டி மாம்பழத்தைத் தூக்கி வந்துவிட்டார். அடுக்களை முழுக்க ஈ. ஒரு கடையில் ஈப்பொறி வாங்கினேன், 149 ரேண்ட்! உள்ளே கொஞ்சம் புளித்த தண்ணீர், மூடியில் நாலு ஓட்டை, அவ்வளவுதான். ஈக்கள் அதன்மேல் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு மறுபடி மாம்பழத்துக்கே போகின்றன. அந்தக் காசுக்கு வீட்டில் இரண்டு பேர் பீன்ஸ் பன்னி (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு நிரப்பித் தரும் டர்பன் சாப்பாடு) சாப்பிட்டிருக்கலாம். கடைசியில் கைகொடுத்தது டம்ளரில் ஊற்றிய வினிகர். ஆங், சொல்ல மறந்துவிட்டேன், பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட வேண்டும். இல்லாவிட்டால் ஈ மேலேயே நின்று குடித்துவிட்டுக் கிளம்பிவிடும். காலையில் டம்ளரின் அடி கறுத்துக் கிடந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்!

அதில் ஒன்றை எடுத்து நம்ம மேக்ரோ லென்ஸுக்கு அடியில் வைத்தேன். இறக்கையைப் பாருங்கள். நீள நரம்புகள், நடுவே அவற்றை இணைக்கும் இரண்டு குட்டிக் குறுக்கு நரம்புகள். அடுத்த ஈயிலும் அதேதான். இத்தனைக்கும் ஒவ்வொரு ஈயின் மரபணுக்களிலும் வேறு வேறு பிழைகள் உண்டு, வளர்ந்த சூடும் சாப்பாடும் கூட வேறு. இறக்கை மட்டும் பிசகவில்லை.

வாடிங்டன் என்ற விஞ்ஞானி இந்த இறக்கையில்தான் கை வைத்தார். 1953இல் வெளியிட்ட சோதனை அது. கூட்டுப்புழுக்களை 40 டிகிரி சூட்டில் நாலு மணி நேரம் வைத்தார். வெளிவந்த சில ஈக்களுக்குக் குறுக்கு நரம்பு விடுபட்டிருந்தது. அவற்றையே பொறுக்கியெடுத்துத் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கினார். ஒரு கட்டத்தில் சூடே படாத ஈக்களுக்கும் அந்த நரம்பு இல்லை. காரணமான மரபணு வேறுபாடுகள் முன்பே உள்ளே இருந்தன, சூடு அவற்றைக் காட்டிக்கொடுத்தது.

1998இல் ரதர்ஃபோர்டும் லின்ட்குவிஸ்ட்டும் எச்எஸ்பி90 என்ற புரதத்தைக் கையில் எடுத்தார்கள். மற்றப் புரதங்கள் சரியாக மடிந்து நிற்க அது உதவுகிறது. கூட்டுக் குடும்பத்துப் பெரியம்மா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: அவர் இருக்கும்வரை யாருடைய கோணல் குணமும் வெளியே தெரியாது, அவர் படுத்துவிட்டால் தெருவுக்கே தெரியும். எச்எஸ்பி90 குறைந்த ஈக்களில் கண் கோணியது, இறக்கை உருமாறியது. எந்தக் கோளாறு வரும் என்பது ஒவ்வொரு ஈ வம்சத்திலும் வேறுபட்டது. தேர்ந்தெடுத்துப் பெருக்கிய பிறகு, எச்எஸ்பி90 முழு அளவில் இருந்தபோதும் அவை தொடர்ந்தன.

அதனால்தான் “உறுதியாக இருப்பது மாறாது, மாறுவது உறுதியாக இருக்காது” என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உறுதியாக இருப்பதால்தான் பிழைகள் உயிரைக் கொல்லாமல் சேர்ந்துகொண்டே போகின்றன, பின்னால் மாறுவதற்கு அவையே சரக்கு. மரபுக் குறியீட்டு வீடியோவில் பார்த்தோமே, மரபணுவின் 61 மூன்றெழுத்துச் சொற்கள், புரதத்தைக் கட்டும் 20 அமினோ அமிலங்களுக்கு. மூன்றாம் எழுத்து மாறினாலும் பெரும்பாலும் அதே அமிலம்தான் வரும். இதுவும் அதே கதை.

கொஞ்சம் பின்னால் போகிறேன், ஒன்றை விட்டுவிட்டேன். எல்லாமே முன்பே ஒளிந்திருந்தவை இல்லை. எச்எஸ்பி90 குறைந்தால் இடம்விட்டு இடம் தாவும் மரபணுத் துண்டுகள் அவிழ்ந்துகொண்டு புதுப் பிழைகளையும் உண்டாக்குகின்றன என்று 2010இல் இன்னொரு குழு காட்டியது. அதோடு, ஈக்களில் வெளிப்பட்டதில் பெரும்பாலானவை வெறும் ஊனம்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது மெக்சிகோவின் கண்ணில்லாத குகை மீன். 2013இல், ஆற்றில் வாழும் அதன் கண்ணுள்ள உறவு மீன்களில் எச்எஸ்பி90ஐ மருந்தால் அடக்கினார்கள். கண்ணின் அளவு கண்டபடி வேறுபட்டது, சிலதுக்குப் பெரிது, சிலதுக்குச் சிறிது. சிறு கண் மீன்களைப் பெருக்கியபோது குஞ்சுகளுக்கு மருந்தே இல்லாமல் சிறு கண் வந்தது. குகைத் தண்ணீர் போல உப்புக் குறைந்த தண்ணீரில் வளர்த்தாலும் அதே மாதிரி அளவு மாறுகிறது! அதாவது மருந்து செய்த வேலையைக் குகைத் தண்ணீரே செய்திருக்கலாம். மீன் படம் அடுத்த வீடியோவில் போடுகிறேன். கமெண்டில் பொறியின் கம்பெனி பெயரை மட்டும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.