ஐந்து ரன் அவுட்: 1975 கோப்பையை வென்றது கைகளே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் கிரிக்கெட் அன்பர்களே, வணக்கம்.

முதல் உலகக் கோப்பையை மேற்கிந்தியத் தீவுகளுக்கு வென்று தந்தது கேப்டன் கிளைவ் லாயிடின் மட்டையா, களத்தில் நின்ற ஃபீல்டர்களின் கைகளா? இதுதான் தலைப்பு. கைகளே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் லாயிடின் சதத்தை அருமையாக எடுத்துச் சொன்னார். 1975 ஜூன் 21, லார்ட்ஸ் மைதானம், ஆஸ்திரேலியாவோடு இறுதி ஆட்டம். 50 ரன்னுக்கு 3 விக்கெட் போன நேரத்தில் உள்ளே வந்தார், 85 பந்தில் 102 அடித்தார், 39 வயது ரோகன் கன்ஹாயோடு 149 ரன் சேர்த்தார். எல்லாம் உண்மை. அந்தச் சதத்தில் ஒரு ரன்னைக்கூட நான் குறைக்கமாட்டேன். ஆனால் தலைவர் ஒன்றைச் சொல்லாமல் விட்டார். லாயிட் 26-ல் இருந்தபோது மிட்விக்கெட்டில் ஆஸ்திரேலியாவின் ராஸ் எட்வர்ட்ஸ் ஒரு கேட்சை நழுவவிட்டார். அதன் பிறகு லாயிட் அடித்தது 76 ரன். மேற்கிந்தியத் தீவுகள் வென்றது 17 ரன்னில். எதிரணி தூக்கிப் பிடிக்கும் சதமே ஃபீல்டிங் பிழையில் பிழைத்த சதம், நடுவர் அவர்களே!

இப்போது ஆஸ்திரேலியாவின் ஸ்கோர் கார்டைப் பாருங்கள். 60 ஓவர், இலக்கு 292. 58.4 ஓவரில் 274-க்கு ஆல் அவுட். கீத் பாய்ஸ் 50 ரன் கொடுத்து 4 விக்கெட், லாயிட் 38 கொடுத்து 1. ஆண்டி ராபர்ட்ஸ் 11 ஓவர், பெர்னார்ட் ஜூலியன் 12 ஓவர், வான்பர்ன் ஹோல்டர் 11.4 ஓவர். இந்த மூவருக்கும் ஒரு விக்கெட்கூட இல்லை. பந்துவீச்சாளர்கள் எடுத்தது மொத்தமே ஐந்து. மிச்சம் ஐந்தும் ரன் அவுட்!

அவற்றில் முதல் மூன்று ரிச்சர்ட்ஸுடையவை. விவ் ரிச்சர்ட்ஸுக்கு அப்போது வயது 23. மட்டையைப் பிடித்து அன்று எடுத்தது வெறும் 5 ரன். அணியின் ஸ்கோர் 81-ல் இருந்தபோது ஆலன் டர்னரை வீழ்த்தினார். 115-ல் கிரெக் சாப்பல். அது பக்கவாட்டிலிருந்து எறிந்த எறி. அங்கிருந்து பார்த்தால் மூன்று ஸ்டம்பும் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்து, ஒரே ஒரு ஸ்டம்பின் அகலம்தான் குறி. ஓடிக்கொண்டே குனிந்து பந்தை எடுத்து, நின்று நிதானிக்காமல் எறிந்து, அதில் அடிப்பது எவ்வளவு கடினம் என்று ஃபீல்டிங் பயிற்சி செய்தவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவதுதான் ஆட்டத்தை முறித்தது. 3 விக்கெட்டுக்கு 162. கேப்டன் இயான் சாப்பல் 62-ல் வேரூன்றி நிற்கிறார். பந்துவீசுபவர் லாயிட். அடித்த பந்து ரிச்சர்ட்ஸின் கையில் சரியாகச் சிக்கவில்லை. முதலில் தயங்கிய சாப்பல் அதைப் பார்த்துவிட்டு ஓடினார். 'மிஸ்ஃபீல்டுக்கு ஓடாதே' என்று பள்ளிக்கூடப் பையனுக்கும் சொல்லிக் கொடுக்கிறோமே, ஏன்? தயங்கி நின்றவர் நின்ற இடத்திலிருந்து வேகம் பிடிக்க வேண்டும். ஃபீல்டருக்கோ பந்து காலடியிலேயே கிடக்கிறது. ரிச்சர்ட்ஸ் பாய்ந்து எடுத்து பௌலர் முனைக்கு எறிந்தார், லாயிட் ஸ்டம்பைத் தட்டினார், சாப்பல் போனார். எதிரணி நண்பர்களே, லாயிடின் கையையும் எங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்!

"292 என்ற நெருக்கடிதானே ஓட வைத்தது? அந்த நெருக்கடியைத் தந்தது மட்டைதானே?" என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. ஓவருக்கு 4.87 என்பது அந்தக் காலத்துக்குப் பெரிய வேகம். ஃபீல்டர்களை உள்ளே நிறுத்தும் வட்டக் கட்டுப்பாடும் அப்போது கிடையாது. ஆட்களைப் பின்னுக்குத் தள்ளி பவுண்டரியைக் காக்கலாம். ஆகவே சிங்கிளைத் திருடித்தான் ஆக வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நெருக்கடி ஆளை ஓடத்தான் வைக்கும், ஸ்டம்பைத் தட்டாது. மேற்கிந்தியத் தீவுகளும் அன்று 60 ஓவரும் வேகமாகத்தான் ஆடின. விழுந்த 8 விக்கெட்டில் ஒன்றாவது ரன் அவுட் உண்டா? இல்லை.

மட்டை, பந்து இரண்டையும் தனியாக நிறுத்துப் பாருங்கள். எக்ஸ்ட்ரா போக மேற்கிந்திய மட்டைகளில் வந்தது 274, ஆஸ்திரேலிய மட்டைகளில் 256. பந்துவீச்சில் அன்று இரு அணியிலும் சிறந்தவர் கேரி கில்மோர்: 48-க்கு 5. தோற்ற அணிக்காரர்!

இதே கில்மோர் மூன்று நாள் முன்பு லீட்ஸ் அரையிறுதியில் 12 ஓவரில் 14 ரன்னுக்கு 6 எடுத்து, இங்கிலாந்தை 93-ல் சுருட்டியவர். அந்த ஆறில் நான்கு எல்பிடபிள்யூ, ஒன்று போல்டு; ஃபீல்டரின் கையே தேவைப்படாத விக்கெட்டுகள். அங்கே ஆட்டத்தை முடித்தது பந்து என்பதை மறுக்கவில்லை. பிறகு ஆஸ்திரேலியா 39-க்கு 6 என்று தள்ளாடியபோது டக் வால்டர்ஸோடு நின்று, 28 அடித்து, கரை சேர்த்தவரும் அவரே. இரண்டு நாக்அவுட் ஆட்டத்தில் 11 விக்கெட் எடுத்தவருக்குக் கோப்பை கிடைக்கவில்லை என்றால், குறை பந்திலா இருக்கிறது?

கடைசி விக்கெட்டுக்கு வருகிறேன். 9 விக்கெட்டுக்கு 233-ல் லில்லியும் தாம்சனும் சேர்ந்து 41 ரன் எடுத்து அரங்கையே கலங்கடித்தார்கள். தாம்சன் அடித்ததை மேற்கிந்திய ஃபீல்டர் ஃபிரெடெரிக்ஸ் பிடித்தார், ஆட்டம் முடிந்தது என்று ரசிகர்கள் உள்ளே ஓடிவந்தார்கள். ஆனால் அது நோ பால், கேட்ச் செல்லாது. ஃபிரெடெரிக்ஸ் அந்தக் கணமே ரன் அவுட்டுக்கு ஸ்டம்பை நோக்கி எறிந்தார். குறி தப்பிப் பந்து கூட்டத்துக்குள் போய்விட்டது. தப்பிய எறிதான், மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கூச்சலிலும் அவருக்கு எறியத் தோன்றியதே, அந்த அணியின் பழக்கம் அது. இன்னும் 8 பந்து மிச்சமிருக்க, இரவு 8.43-க்கு, கிரீஸை விட்டு வெளியே வந்த தாம்சன் திரும்புமுன் கீப்பர் டெரிக் மர்ரே ஸ்டம்பை வீழ்த்தினார். ஐந்தாவது ரன் அவுட்.

அடுத்து வரும் எதிரணி நண்பரிடம் ஒன்று கேட்கிறேன். லாயிடின் 102-ஐ அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இயான் சாப்பலின் ரன் அவுட்டை மட்டும் அழித்துவிட்டு, அந்த 17 ரன்னை எப்படிக் காப்பாற்றுவீர்கள் என்று இந்த மேடையில் கணக்குச் சொல்லுங்கள். வணக்கம்.