மூணு செகண்ட் ஓட்டம்: பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுக்காதீங்க!

[காட்சி: இடைவேளை மணி அடிக்குது, பிள்ளைங்க வகுப்பை விட்டு வெளிய பாயுறாங்க]

மூணு செகண்ட்! ஒரு சின்னப் பிள்ளை முழு மூச்சா ஓடுறதும் குதிக்கிறதும் பாதிக்குப் பாதி மூணு செகண்டுக்குள்ள முடிஞ்சிடும். 1995ல அமெரிக்காவுல 6 வயசுல இருந்து 10 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களைப் பின்னாலயே போய்ப் பார்த்து, அசைவு அசைவா குறிச்சு வெச்சாங்க. 15 பேரை மட்டும் பார்த்த சின்ன ஆய்வுதான். ஆனா அதுல வந்த விஷயத்தை நம்ம வீட்டு முற்றத்துலயே பார்க்கலாம். வேகமான அசைவுகள்ல நூத்துக்கு 95, 15 செகண்டுக்குக் கீழ. பாயும், நிக்கும், திரும்பும், மறுபடியும் பாயும். அணில் மாதிரி.

இதைத் தெரிஞ்சுக்கிட்டா பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களை எப்படி விளையாட விடணும்னு பாதி புரிஞ்சிடும். அதுக்குத்தான் இந்த வீடியோ.

வணக்கம் மக்களே! நாகர்கோவில்ல இருந்து பேசுறேன்.

அடிப்படையை வேகமா சொல்லிடுறேன். 5 வயசுல இருந்து 17 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்க ஒரு நாளைக்குச் சராசரியா 60 நிமிஷம் மூச்சு வாங்குற அளவுக்கு ஓடி ஆடணும்னு உலக சுகாதார நிறுவனம் 2020ல சொல்லிச்சு. அந்த 60 நிமிஷம் யாருக்குக் கிடைக்குது? 2019ல 146 நாடுகளோட கணக்கைப் பார்த்தாங்க. 11 வயசுல இருந்து 17 வரைக்கும் உள்ளவங்கள்ல 81 சதவீதம் பேருக்குக் கிடைக்கல. பொம்பளைப் பிள்ளைங்கள்ல அது 85 சதவீதம்.

இனி நம்ம மாவட்டத்துக்கு வருவோம். 2011 கணக்கெடுப்புல தமிழ்நாட்டுலயே எழுத்தறிவுல முதல் இடம் கன்னியாகுமரிக்குத்தான். எனக்கும் அதுல பெருமை உண்டு. ஆனா அந்தப் பெருமையே பிள்ளைங்களோட கால்ல கட்டுன கயிறா ஆயிடக் கூடாது. மார்த்தாண்டத்துலயோ தக்கலையிலயோ படிக்கிற ஒரு பிள்ளையோட நாளைப் பாருங்க. காலையில வேன். சாயங்காலம் வேன். இறங்கினதும் டியூஷன். வீட்டுக்கு வரும்போது இருட்டிடும். தூத்தூர், சின்னத்துறை பக்கம் போனா சாயங்காலம் மணல்ல ஃபுட்பால் பறக்கும், அந்தப் பையன்களைப் பத்திக் கவலையில்ல. மத்தவங்களுக்குப் பகல்ல பள்ளிக்கூடத்துல கிடைச்சாதான் உண்டு, இல்லன்னா அன்னைக்கு விளையாட்டே இல்ல. அங்க இருக்கிற பி.டி. பீரியடையும் "போர்ஷன் முடியல"ன்னு கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கிட்டா அந்தப் பிள்ளை எங்க போய் ஓடும்?

"படிப்பு கெட்டுப் போகாதா?"ன்னு கேட்கிற அம்மா அப்பாவுக்கு ஒரு ஆய்வு. 2009ல அமெரிக்காவோட இல்லினாய் பல்கலைக்கழகத்துல 9 வயசை ஒட்டின பிள்ளைங்களை 20 நிமிஷம் டிரெட்மில்லுல நடக்க விட்டாங்க. ஓட்டம்கூட இல்ல, கொஞ்சம் வேகமான நடை. அதுக்கு அப்புறம் கவனத்துக்கு ஒரு சோதனை, வாசிச்சுப் புரிஞ்சுக்கிறதுக்கு ஒரு சோதனை. சும்மா உட்கார்ந்திருந்த நாளைவிட நடந்த நாள்ல ரெண்டுலயும் நல்லா செஞ்சாங்க. அப்போ பாடத்துக்கு முன்னாடி பி.டி. வந்தா பாடம் எடுக்கிற வாத்தியாருக்குத்தான் லாபம்!

இப்போ நான் ஆசையா சொல்ல வந்த இடம். கிளித்தட்டு!

[திரையில்: கட்டம் கட்டமா கோடு வரையுற படம்]

பாட்டிமார்கிட்ட கேட்டா கண்ணு விரியச் சொல்லுவாங்க. தெரியாதவங்களுக்கு நான் சொல்றேன். ஒரு குச்சி எடுத்து மண்ணுல நீளமா ஒரு செவ்வகம் கீறணும். நடுவுல நீளவாக்குல ஒரு கோடு. குறுக்கே வரிசையா கோடுகள். காவல் அணியில ஒரு ஆளுக்கு ஒரு குறுக்குக் கோடு, அந்தக் கோட்டை விட்டு அவர் நகரக் கூடாது. ஒருத்தர் மட்டும் கிளி. கிளி நடுக்கோட்டுலயும் சுத்துக் கோட்டுலயும் எங்க வேணும்னாலும் பாயலாம். கிளி கையைத் தட்டினதும் எதிர் அணி உள்ள இறங்கணும். யார் கையிலயும் படாம அந்தக் கடைசி வரைக்கும் போய், திரும்பி வரணும். ஊருக்கு ஊர் விதி கொஞ்சம் மாறும், ஆட்டம் இதுதான்.

இப்போ அந்த மூணு செகண்டை இங்க கொண்டு வாங்க. கட்டத்துக்குள்ள நிக்கிற பிள்ளை காவல்காரனோட கண்ணைப் பார்க்கும். இடது பக்கம் போற மாதிரி தோளைச் சாய்க்கும். அவன் ஏமாந்த நொடியில வலது பக்கம் ஒரே பாய்ச்சல்! அடுத்த கட்டத்துல போய் மூச்சு வாங்கும். மறுபடியும் பார்வை, மறுபடியும் பாய்ச்சல். எந்த ஆய்வும் தெரியாம, பிள்ளை உடம்புக்கு அளவெடுத்துத் தச்ச விளையாட்டை நம்ம ஆளுங்க ஆடியிருக்காங்க. எனக்கு இதை நினைச்சாலே சிலிர்க்குது.

இன்னொரு கணக்கு போடுவோம். 36 பேர் உள்ள வகுப்புக்கு ஒரு கிரிக்கெட் பேட்டும் ஒரு பந்தும் கொடுத்தா எத்தனை பேர் ஓடுவாங்க? ரெண்டு மூணு பேர். மத்தவங்க வெயில்ல நிப்பாங்க, இல்ல நிழல்ல உட்காருவாங்க. பக்கத்துல பக்கத்துல மூணு கிளித்தட்டுக் கட்டம் கீறி, அணிக்கு 6 பேரா பிரிச்சு விட்டா 36 பேரும் ஒரே நேரத்துல ஆடலாம். செலவு ஒரு குச்சி. பெரிய மைதானமும் வேண்டாம்.

ஸ்காட்லாந்துல 2012ல ஸ்டிர்லிங் ஊர்ல ஒரு தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியை, எலைன் வைலி, தினமும் 15 நிமிஷம் பிள்ளைங்களை யூனிஃபார்மோடயே வெளிய ஓடவோ நடக்கவோ விட்டாங்க. 'டெய்லி மைல்'னு அது பல நாடுகளுக்குப் பரவிடுச்சு. நல்ல விஷயம். நம்ம பள்ளிக்கூடங்கள்ல அந்த 15 நிமிஷத்துல கிளித்தட்டு ஆட விடலாமேங்கிறதுதான் என் ஆசை.

மழையா? தென்மேற்கும் வடகிழக்கும் ரெண்டு பருவமும் பெய்யுற மாவட்டம் நம்மளது, அதனால வராந்தாவுல பாண்டியும் ஸ்கிப்பிங் கயிறும் தயாரா இருக்கணும். குதிக்கிறது எலும்புக்கும் நல்லது.

ஒரு விஷயத்துல எனக்குக் கோபம் உண்டு. சேட்டை பண்ணினா "கிரவுண்டை 5 தடவை சுத்தி ஓடு"ன்னு சொல்றது, "உனக்கு இன்னைக்கு பி.டி. கிடையாது"ன்னு வகுப்புலயே உட்கார வைக்கிறது. ரெண்டுமே தப்பு. ஓட்டத்தைத் தண்டனை ஆக்கினா அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்க ஓட்டத்தை வெறுக்கும். இடைவேளை விளையாட்டைத் தண்டனைக்காகவோ படிப்புக்காகவோ பறிக்கக் கூடாதுன்னு அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2013லயே எழுதி வெச்சிருக்கு. அதே மாதிரி, வயசுக்கு வந்ததும் பொம்பளைப் பிள்ளைங்களை ஓரமா உட்கார வைக்கிறதும் நிக்கணும். அடிமுறைங்கிற தற்காப்புக் கலையும் சிலம்பமும் வளர்ந்த மண்ணுல அவங்க கையிலயும் கம்பு வரட்டும்.

சட்டம் என்ன சொல்லுது? 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட அட்டவணைப்படி ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் இருக்கணும். 6ல இருந்து 8ம் வகுப்பு வரைக்கும், 100 பிள்ளைங்களுக்கு மேல இருந்தா உடற்கல்விக்குப் பகுதி நேர ஆசிரியர் வேணும். 1ல இருந்து 5ம் வகுப்பு வரைக்கும் அப்படி ஒரு வரியே இல்ல! விளையாட்டுல ருசி பிடிக்கிற வயசே அதுதான். அதனால தொடக்கப் பள்ளிகள்ல வகுப்பு ஆசிரியர் மனசு வெச்சாத்தான் பிள்ளைங்க வெளிய வரும். அந்த டீச்சர்மாருக்கு நம்ம ஆதரவு வேணும்.

அரசுப் பள்ளின்னா மேலாண்மைக் குழுவுல நாலுல மூணு பங்கு பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள். அடுத்த கூட்டத்துக்குப் போங்க. டைம்டேபிளை எடுத்து வெச்சு, "போன மாசம் இதுல எத்தனை பி.டி. பீரியட் நடந்துச்சு?"ன்னு மரியாதையா கேளுங்க. தனியார் பள்ளின்னா பெற்றோர் கூட்டத்துல கேளுங்க. என்ன பதில் வந்துச்சுன்னு பள்ளிக்கூடத்தோட பேரைப் போடாம கமெண்ட்ல எழுதுங்க. கிளித்தட்டுக்கு உங்க ஊர்ல என்ன விதின்னும் எழுதுங்க. அதையெல்லாம் சேர்த்து, எப்படி ஆடுறதுன்னு பிள்ளைங்களை வெச்சே அடுத்த வீடியோ போடுறேன்.