பிள்ளைகளுக்குக் கொஞ்சம் அவகாசம்

சென்னை வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகளில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-ஆம் ஆண்டு கைவிட்டது. மாணவர்களின் மன உளைச்சலைக் கருதி எடுக்கப்பட்ட நல்ல முடிவு அது. ஆனால் அரசு கைவிட்ட தரவரிசையை வீடுகள் கைவிடவில்லை. மதிப்பெண்ணுக்கு இருந்த வரிசை இப்போது வயதுக்கு வந்திருக்கிறது. படிப்பு முடியும் முன்பே கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை, முப்பது வயதுக்குள் கல்யாணமும் சொந்த ஃபிளாட்டும் என்று எழுதப்படாத ஓர் அட்டவணை இருக்கிறது. அதில் ஓராண்டு பிந்தினாலும் பிள்ளை தோற்றுவிட்டான் என்றே உறவு வட்டாரம் முடிவு கட்டிவிடுகிறது.

கல்லூரி ஒன்றில் மனநல ஆலோசகராக இருக்கும் என்னிடம் "மனசு சரியில்லை" என்று பேச்சைத் தொடங்கும் மாணவர்கள் மிகக் குறைவு. சாப்பாடு இறங்கவில்லை, விடிய விடியத் தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்றுதான் வருகிறார்கள். ஏற்கெனவே மருத்துவரிடம் காட்டி, பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகே பலரும் வருகிறார்கள். பேசப் பேசத்தான், கூடப் படித்தவனுக்கு ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது என்ற செய்தியும், அதைக் கேட்டு வீட்டில் நிலவிய மௌனமும் மெல்ல வெளியே வரும்.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து படிப்பதற்கென்று தனிப் பகுதி உண்டு. போட்டித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள் டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலுமாக வந்து பகல் முழுவதும் அங்கே அமர்ந்திருப்பார்கள். ஒருநாள் மதியம் வெளியே படிக்கட்டில் நின்று ஓர் இளைஞர் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். "சாப்பிட்டேம்மா" என்றவரை முகம் இயல்பாகவே இருந்தது. அடுத்த கேள்விக்கு, "இன்னும் வரலம்மா, வந்தா சொல்றேன்" என்று சொல்லும்போது குரல் தணிந்துவிட்டது. 2022-இல் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு அறிவிக்கப்பட்டபோது 7,301 பணியிடங்களுக்கு ஏறக்குறைய 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். ஓர் இடத்துக்கு முந்நூறு பேர் என்ற இந்தக் கணக்கில், கிடைக்காமல் போன அத்தனை பேரையும் உழைக்காதவர்கள் என்று எப்படிச் சொல்ல முடியும்? ஆனாலும் அந்தப் பழியைத் தாமே சுமந்துகொண்டு, பொங்கலுக்கு ஊருக்குப் போகாமல், கல்யாணங்களுக்குத் தலைகாட்டாமல் ஒதுங்கிப்போகிறவர்களை நான் பார்க்கிறேன். அந்தத் தனிமைதான் எனக்கு எல்லாவற்றையும்விட அதிகக் கவலை தருகிறது.

வேலை கிடைத்தவர்களுக்கும் நிம்மதி உறுதியில்லை. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-இல் தெரிவித்தன. பழைய மகாபலிபுரம் சாலையில் இரவு பத்து மணிக்கும் விளக்கெரியும் அலுவலகங்களைக் கடக்கும்போதெல்லாம் இந்தக் கணக்கு என் நினைவுக்கு வரும்.

பெற்றோரைக் குறை சொல்வது எளிது, அது நியாயமாகாது. நகையை அடகு வைத்து முதல் தலைமுறைப் பட்டதாரியை உருவாக்கிய குடும்பத்தின் அவசரத்தில் பேராசை இல்லை, பயம்தான் இருக்கிறது. அந்தப் பயத்தைப் பிள்ளையிடம் கேள்வியாக இறக்கி வைப்பதைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன். கடன் நிலவரத்தை உள்ளபடி சொல்லிவிடலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சம்பளத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட நேரங்களில் பலரும் கணிதமேதை ராமானுஜனை உதாரணம் காட்டுவார்கள். கல்லூரித் தேர்வில் தோற்றவர், 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராகச் சேர்ந்தவர், பிறகு உலகப் புகழ் பெற்றார் என்பார்கள். "நீயும் ஒருநாள் அப்படி வருவாய்" என்பது ஆறுதல் போலத் தோன்றினாலும், அதுவும் இன்னொரு சுமைதான். அந்த வரலாற்றில் நான் கவனிப்பது வேறு. வேலையில்லாத நாட்களில் அவருக்கு மாதந்தோறும் பணம் கொடுத்து உதவிய ராமச்சந்திர ராவும், துறைமுக அலுவலகத்தில் மேலதிகாரியாக இருந்தும் அவரோடு அமர்ந்து கணக்குப் போட்ட நாராயண ஐயரும் இருந்தார்கள். புகழ் வருவதற்கு முன்பே கிடைத்த துணை அது. மேதையாக வரப்போகாத பிள்ளைக்கும் அந்தத் துணை வேண்டும்.

உங்கள் வீட்டில் ஒருவருக்கு உறக்கமும் பசியும் இரண்டு வாரங்களாகக் கெட்டிருந்தால், அல்லது வாழ்வதில் அர்த்தமில்லை என்று ஒரே ஒருமுறை சொல்லியிருந்தாலும், காத்திருக்காதீர்கள். 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். பிள்ளைகள் மட்டுமல்ல, என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கும் பெற்றோரும் அழைக்கலாம்.

நன்றி. வணக்கம்.