ஏரிகள்தான், நடுவர் அவர்களே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தில் அல்சூர் வரை வந்திருக்கும் சொந்தங்களே, வணக்கம்.

‘பெங்களூரின் தாகத்தைத் தீர்க்கப்போவது காவிரிக் குழாயா, ஏரிகளா?’ என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய தங்கை, ஒரு கோடிப் பேருக்கு மேல் வாழும் ஊர் ஏரியை நம்பி இருக்க முடியுமா என்று கேட்டார். 2024 அக்டோபரில் தொடங்கிய காவிரிக் குடிநீர் ஐந்தாம் கட்டத் திட்டம் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கொண்டுவரும் என்றார். உண்மைதான். காவிரித் தண்ணீரைத்தான் என் பிள்ளைகளும் குடிக்கிறார்கள், அதை வேண்டாம் என்று எங்கள் அணி சொல்லவே இல்லை.

ஆனால் அது வரும் வழியைப் பாருங்கள். சுமார் 100 கிலோமீட்டர் தள்ளிப் பள்ளத்தில் ஓடும் ஆற்றை, கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த மேட்டுக்குக் கட்டம் கட்டமாகப் பம்பு வைத்து ஏற்றுகிறோம். 2024 மார்ச்சில் போர்வெல்கள் வற்றி, புறநகர் முழுக்க டேங்கர் லாரிக்குக் காத்துக் கிடந்ததே! அங்கே குழாய் போயிருந்தால் அந்த நிலை வந்திருக்காது என்பார் தங்கை. சரி, குழாய் போகட்டும். அந்த போர்வெல்லுக்குள் மறுபடி தண்ணீர் எங்கிருந்து ஊறும்? ஏரி இருந்த இடத்தில் கான்கிரீட் போட்டுவிட்டோமே.

ஊருக்குள் சொல்லும்படி பெரிய ஆறு கிடையாது. 1537-இல் கெம்பேகவுடா என்ற சிற்றரசர் இங்கே கோட்டை கட்டியபோது கூடவே ஏரிகளையும் வெட்டினார். அவருக்கு முன்னும் பின்னும் வெட்டியவர்கள் உண்டு. மேட்டு ஏரி நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்த ஏரிக்குப் போகும், அது நிரம்பினால் அதற்கும் கீழே. இணைக்கும் கால்வாய்க்கு இங்கே ராஜகாலுவே என்று பெயர். மடை திறந்து தண்ணீரைப் பங்கிட ஒரு ஆள், நீர்கண்டி. நம் தென்மாவட்டங்களில் நீர்க்கட்டி என்கிறோமே, அதே வேலை. ஒரு பம்பு கிடையாது, மண்ணின் சரிவை மட்டுமே நம்பிய நகரத் திட்டம் அது.

அதை என்ன செய்தோம்? தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பஸ் நிலையம் ஆனது. சம்பங்கி ஏரி கண்டீரவா ஸ்டேடியம் ஆனது. அந்த ஏரிக்கரையில் தோட்டம் போட்டவர்களில் திகளர்களும் உண்டு, தமிழ்ப் பூர்வீகம் உள்ளவர்கள் என்று சொல்லப்படும் மக்கள். ஒவ்வொரு வருஷமும் திரௌபதிக்குக் கரகம் எடுக்கிறார்களே, அவர்கள்தான். அத்தனை பெரிய ஏரியில் இன்று ஒரு சிறு குளம்தான் மிச்சம். கரகச் சடங்குக்கு இப்போதும் அங்கே வருகிறார்கள். அந்தக் குளத்தின் பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

தண்ணீர் தன் பழைய வழியை மறப்பதில்லை, நடுவர் அவர்களே. 2022 செப்டம்பர் மழையில் வெளிவட்டச் சாலைப் பக்கம் ஜனங்கள் டிராக்டரில் ஏறி வேலைக்குப் போனார்கள். என் அக்கா குடியிருந்த அடுக்குமாடியில் கீழ்த்தளத்து வண்டிகள் எல்லாம் முழுகின. கட்டடம் நின்றது கால்வாயின் மேல் என்பது வாங்கியவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது. அந்த வெள்ளத்தை எந்தக் காவிரிக் குழாய் வாங்கிக்கொள்ளும்?

ஏரி செத்துவிட்டது, இனி எழுப்ப முடியாது என்று எதிரணித் தலைவர் சொன்னார். இதே ஊரில் ஜக்கூர் ஏரிக்குப் போய்ப் பாருங்கள் ஐயா. சாக்கடை நீரைச் சுத்திகரித்து, கோரையும் நாணலும் வளரும் ஈரநிலத்தின் வழியே ஏரிக்குள் விடுகிறார்கள். அங்கே பறவைகள் இருக்கின்றன, மீன் பிடிக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. பெல்லந்தூர் ஏரிக்குள் நாம் விடும் கழிவு வர்த்தூர் வழியாகத் தென்பெண்ணைக்குப் போகிறது. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பக்கம் என் பெரியப்பா மகன் தக்காளி போடுகிறார். மதகு திறந்தால் வாய்க்காலில் முதலில் வருவது நுரைதான் என்கிறார். ‘எனக்குத் தண்ணீர் கூடுதலாக வேண்டாம் தம்பி, உங்க ஊர் ஏரியைச் சுத்தமா வச்சுக்கச் சொல்லு, போதும்’ என்று போன பொங்கலுக்குச் சொன்னார். அவர் கேட்டதையே இந்த மேடையில் எங்கள் அணியின் வாதமாக வைக்கிறேன். நன்றி, வணக்கம்.